ஒரு தடவை வந்த அம்மை திரும்ப வராது, சளி மட்டும் ஏன் மாதா மாதம் வருகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுப் பையன், எல்.கே.ஜி. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, சேர்ந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் சளி, இருமல், இரண்டு நாள் காய்ச்சல். "இவனுக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாதா? அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள், சளி மட்டும் ஏன் விடாமல் வருகிறது? உடம்பு நோயை எப்படித்தான் தடுக்கிறது?" என்று அவனுடைய அம்மா கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சீழும் பரிசோதிக்கிற வேலை. இந்தக் கேள்விக்குள் இருக்கிற விஷயங்களை மைக்ராஸ்கோப்பில் தினமும் பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி என்கிற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பி விடுகிறது. சக்தி என்றதும் மாடித் தொட்டியில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று, குறைந்துபோனால் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று தோன்றுகிறது, கடைகளில் பொடியும் டானிக்கும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். உடம்புக்குள் நடக்கிற வேலையில் பாதிக்கு மேல் ஆளை அடையாளம் காண்பதுதான். யார் வீட்டு ஆள், யார் வெளியாள், வெளியாட்களில் யார் போன தடவை வந்து சேதம் பண்ணிவிட்டுப் போனவன். புது ஆளை அடையாளம் காண உடம்புக்குப் பல நாட்கள் பிடிக்கும். கண்டுகொண்ட ஆளைப் பெரும்பாலும் மறக்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் காய்ச்சல், தடுப்பூசி, நாய்க்கடி ஊசி, டெங்கு ரிப்போர்ட் எல்லாமே புரிய ஆரம்பிக்கும்.

வாசல் காவலைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். தோல் கிழியாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளுக்கு உள்ளே வழி இல்லை. கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குநீரிலும் லைசோசைம் என்ற பொருள் இருக்கிறது, அது பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரை அரித்துவிடும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதற்கு முன்பே 1922-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், சளி பிடித்த மூக்கின் நீரில்தான் முதலில் பார்த்தார். மூச்சுக்குழாயில் இருக்கிற நுண்ணிய முடிகள் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அதை நாம் தெரியாமலே விழுங்குகிறோம், வயிற்று அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். புகை பிடிப்பவர்களுக்கு இந்த முடிகள் சரியாக வேலை செய்யாததும் காலை நேர இருமலுக்கு ஒரு காரணம்.

சரி, வாசலைத் தாண்டிவிட்டால்? காலில் கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, விண் விண் என்று தெறிக்கும். இதெல்லாம் கிருமி செய்வதாக நினைக்கிறோம், பெரும்பகுதி நம் உடம்பே செய்வது. அந்த இடத்துச் செல்கள் ஆபத்துச் செய்தி கொடுத்ததும் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாயும், அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் லேசாக இளகி நீர் கசியும், அதனால் வீக்கம். அந்தக் கசிவு வழியாக வெள்ளையணுக்கள் வெளியே வரும். முதலில் கூட்டமாக வருவது நியூட்ரோஃபில். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டிஃபரன்ஷியல் கவுண்ட் (எந்த வெள்ளையணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) என்ற இடத்தில் 60, 65 என்று பெரிய எண்ணாக எழுதியிருப்பது அதுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மொத்தம் 4,000 முதல் 11,000 வரை இருப்பது பெரியவர்களுக்குச் சாதாரணம், பாக்டீரியா தொற்று கடுமையாக இருந்தால் 15,000, 20,000 என்று ஏறும், அதில் முக்கால்வாசிக்கு மேல் நியூட்ரோஃபிலாக இருக்கும்.

சீழை ஸ்லைடில் தடவி, பாக்டீரியாவை நிறத்தால் பிரித்துக் காட்டுகிற கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் அந்தச் சண்டை அப்படியே தெரியும். இளஞ்சிவப்பாக உருக்குலைந்த செல்கள், மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து நூல் கோத்தது போல நிற்கிற உட்கரு, அந்தச் செல்லின் வயிற்றுக்குள்ளேயே ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்து மாதிரி ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. விழுங்கிய அணுவும் செத்தது, விழுங்கப்பட்ட கிருமியும் பெரும்பாலும் செத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதைப் பார்த்தபோது நெடுநேரம் ஐபீஸை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, இன்றைக்கும் நல்ல ஸ்லைடு கிடைத்தால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். சீழ் என்பது நமக்காகச் செத்துப்போன அந்த அணுக்களின் குவியல்.

இதை முதலில் கண்டுகொண்டதும் ஒரு முள்ளால்தான். இலியா மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், 1882-ல் இத்தாலியின் மெசினாவில் இருந்தபோது, கண்ணாடி போல உள்ளே தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்தி வைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் காத்திருந்தார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அணு கிருமியை விழுங்கும் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது, 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த முதல் படைக்கு வந்தது இன்ன கிருமி என்று நுணுக்கமாகத் தெரியாது. பாக்டீரியா மாதிரி இருக்கிறதா, வைரஸ் மாதிரி இருக்கிறதா என்று பொதுவான அடையாளங்களை மட்டும் பார்த்து அடிக்கும். பல தொற்றுகள் இதோடு முடிந்தும் போகும். முடியாவிட்டால்தான் அடுத்த கட்டம், அதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பாட்டிமார் தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு "காலில் எங்கேயோ புண் இருக்கு, பாரு" என்பார்கள். பெரும்பாலும் இருக்கும்.

அந்த நெறி ஒரு நிணநீர் முடிச்சு. புண் இருக்கிற இடத்தில் டென்ட்ரிடிக் செல் என்று கிளை கிளையாகக் கை நீட்டிய ஒரு செல் உண்டு. அது கிருமியைத் தின்று, அதன் துணுக்குகளைத் தன் மேல்பரப்பில் ஏந்திக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாக அந்த முடிச்சுக்குப் போகும். அங்கே டி செல், பி செல் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு வடிவத்தில் ஒரு கொக்கி. அத்தனையில் இந்தத் துணுக்குக்குப் பொருந்தும் கொக்கி உள்ளது சிலதுதான் இருக்கும். அது தேடி வந்து பொருந்த வேண்டும், பொருந்தியதும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். அந்தப் பெருக்கம்தான் முடிச்சை வீங்க வைக்கிறது. இந்த டென்ட்ரிடிக் செல்லை 1973-ல் விவரித்தவர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபல் அறிவித்தார்கள், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துவிட்டார்.

இன்னும் பிறக்காத கிருமிக்கும் பொருந்துகிற கொக்கி நம் உடம்பில் முன்கூட்டியே எப்படி இருக்க முடியும்? நம்மிடம் இருக்கிற மரபணுக்களே சுமார் 20,000 தானே? 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய் ஆகிற மாதிரிதான் இது. பி செல்லும் டி செல்லும் உருவாகும்போது மரபணுவின் சில துண்டுகளை வெட்டி, கலைத்து, மாற்றி மாற்றிச் சேர்க்கின்றன, சேர்க்கிற இடத்தில் ஓரிரண்டு எழுத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்கின்றன. கோடிக்கணக்கான வடிவங்கள் அதிலிருந்தே வந்துவிடும். ஜப்பான்காரரான சுசுமு டொனெகாவா 1976-ல் இதை நிரூபித்தார். கண்ணை மூடிக்கொண்டு கலைப்பதால் சொந்த உடம்பையே பிடிக்கிற கொக்கிகளும் உருவாகிவிடும் அல்லவா, அதற்கும் வழி இருக்கிறது. டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியில் ஒரு தேர்வு எழுத வேண்டும், சொந்த உடம்பைத் தாக்குகிறவற்றையும் எதற்கும் உதவாதவற்றையும் அங்கேயே அழித்துவிடுவார்கள், மிகச் சிறு பகுதிதான் தேறி வெளியே வரும். அந்தத் தேர்விலும் தப்பி வருகிறவை சிலருக்குப் பிற்பாடு டைப் 1 சர்க்கரை நோயாகவும் முடக்குவாதமாகவும் வந்து நிற்கின்றன.

பொருந்திய பி செல் பெருகியதும் அதில் ஒரு பகுதி ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கும், கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அது செல்லுக்குள் நுழையாமல் தடுக்கிற புரதம். அதில் முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகை, பிறகு ஐஜிஜி என்ற வகை. இதற்குத்தான் அந்த நாட்கள் பிடிக்கின்றன. டெங்கு சமயத்தில் லேபுக்கு வருகிறவர்கள், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஐஜிஎம் எடுத்து நெகட்டிவ் வந்துவிட்டது, அப்புறம் வேறு இடத்தில் ஏழாம் நாள் எடுத்தால் பாசிட்டிவ் என்கிறார்கள், முதல் லேப் தப்பு செய்துவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் யார்மேலும் தப்பில்லை. இரண்டாம் நாள் உடம்பு இன்னும் ஆன்டிபாடி தயாரிக்கவே ஆரம்பித்திருக்காது, அதனால்தான் முதல் சில நாட்களுக்கு வைரஸின் புரதத்தையே தேடுகிற என்எஸ்1 டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்.

காய்ச்சலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதையும் உடம்புதான் ஏற்றுகிறது. வெள்ளையணுக்கள் விடுகிற செய்திப் பொருட்கள் மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற ஹைப்போதலாமஸுக்குப் போய், 37 டிகிரியில் இருந்த அளவை 39-க்கு மாற்றி வைக்கச் சொல்கின்றன. அளவு மேலே போனதும் உடம்பு தன்னைக் குளிர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும், அதனால்தான் தொட்டால் சுடுகிற பிள்ளை போர்வை கேட்டு நடுங்குகிறது. பாராசிட்டமால் அந்த அளவைத் திரும்ப இறக்குகிறதே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள், ஓடி விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்து மட்டும் பயந்து கொடுக்க வேண்டியதில்லை. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்து ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், வைரஸ் சளிக்கு அது எதுவும் செய்யாது.

இனி நினைவு. கிருமி அழிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும், கொஞ்சம் மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். அதே கிருமி மறுபடி வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், நமக்குத் தெரிவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். இது எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அட்லாண்டிக் கடலில் இருக்கிற ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை வந்தது, அப்புறம் 65 வருடம் வரவே இல்லை. 1846-ல் கப்பலேறி மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் டென்மார்க் டாக்டர் வீடு வீடாக விசாரித்து எழுதினார்: 1781-ல் சிறு வயதில் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்கள் ஒருவருக்குக்கூட இந்தத் தடவை வரவில்லை. இடையில் ஒரு தடவைகூட அந்தக் கிருமியைப் பார்க்காமலே 65 வருடம் உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

தட்டம்மை வைரஸும் சின்னம்மை வைரஸும் உடம்பு பிடித்துக்கொள்கிற இடங்களில் பெரிதாக மாறாதவை, இன்றைக்கும் ஏறக்குறைய அதே முகம்தான். அதனால் ஒரு தடவை பார்த்தால் போதும். சின்னம்மை உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டு கிடக்கும், ஐம்பது அறுபது வயதில் டி செல் காவல் தளரும்போது இடுப்பிலோ நெஞ்சிலோ ஒரு பக்கமாகப் பட்டை போல எரிச்சலோடு கொப்புளமாக வரும். அதைத்தான் அக்கி என்கிறோம். காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. மனதுக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வைரஸுக்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன், கண் பக்கம் வந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சளிக்கு வருவோம். சளி ஒரு நோயின் பெயர் மாதிரி இருக்கிறது, அதைத் தருகிற வைரஸ்கள் ஒன்றிரண்டு இல்லை. ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 160-க்கு மேல் வகை, ஒவ்வொன்றுக்கும் தனி முகம், அதற்கு மேல் அடினோ, பாராஇன்ஃப்ளூயன்சா, சாதாரண கொரோனா வகைகள், ஆர்எஸ்வி, வருடா வருடம் உருவை மாற்றிக்கொள்ளும் ஃப்ளூ. உங்கள் பையன் ஜூனில் ஒன்றைப் பார்த்தான், ஜூலையில் இன்னொன்றை. உங்கள் கண்ணுக்கு அதே சளி, அவன் உடம்புக்கு ஒவ்வொன்றும் புது ஆள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை திடீரென்று முப்பது பிள்ளைகளோடு ஒரே அறையில் பென்சிலையும் தண்ணீர் பாட்டிலையும் மாற்றிக்கொள்கிறான், பாடம் வேகமாகத்தான் நடக்கும். வருடத்துக்கு ஆறு முதல் எட்டு சளி என்பது இந்த வயதில் சாதாரணம், பள்ளி தொடங்கும் வருடத்தில் இன்னும் கூடலாம்.

பிறந்தபோது அவனிடம் இருந்தது உங்கள் நினைவுதான். கர்ப்பத்தில் கடைசி மாதங்களில் அம்மாவின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும், பிறந்ததும் சீம்பாலில் இன்னொரு வகை ஆன்டிபாடி, ஐஜிஏ, குழந்தையின் குடலில் பூசியது போல நின்று காக்கும். அதனால்தான் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. அம்மாவிடமிருந்து வந்த ஐஜிஜி சில மாதங்களில் கரைந்துவிடும். அது இருக்கும்போது தட்டம்மை ஊசி போட்டால், ஊசியில் இருக்கிற பலவீனமான வைரஸையும் சேர்த்து அழித்துவிடும், குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது. நம் நாட்டில் எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசியை ஒன்பது மாதம் முடிந்து போடுவதற்கு இதுதான் காரணம், ரொம்பத் தள்ளிப்போட்டால் பாதுகாப்பில்லாத இடைவெளி பெரிதாகிவிடும்.

தட்டம்மைதானே, வேப்பிலை கட்டினால் இறங்கிவிடும், வந்துபோனால் நல்லதுதான் என்று ஊசியைத் தவிர்க்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். இந்த வைரஸ் நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டு 2019-ல் ஓர் ஆய்வு வந்தது: அதுவரை சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. வருடக்கணக்கில் சளியும் காய்ச்சலுமாகப் பட்டுப் படித்த பாடத்தை ஒரு தட்டம்மை அழித்துவிடுகிறது, பிள்ளை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நினைவு எப்போதும் நல்லதே செய்யும் என்றும் இல்லை. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அதற்கு எதிரான நினைவு நிற்கும், ஆனால் பிற்பாடு வேறொரு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி அதன்மேல் அரைகுறையாக ஒட்டும், செயலிழக்கச் செய்யாது. அப்படி ஒட்டியதே வைரஸ் வெள்ளையணுவுக்குள் நுழைய வழி போட்டுக் கொடுத்துவிடும். முன்பே டெங்கு வந்தவர்கள் இரண்டாம் தடவை கூடுதல் கவனமாக இருக்கச் சொல்வதும், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்துக் கட்டம் என்று டாக்டர்கள் விடாமல் கண்காணிப்பதும் வீண் பயமுறுத்தல் இல்லை.

நேரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாய்க்கடி. வெறிநாய்க்கடி வைரஸ் ரத்தத்தில் பரவாமல் நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும், பொதுவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி போட்டு உடம்புக்குப் பாடம் நடத்துகிறோம், ஆனாலும் சொந்த ஆன்டிபாடி வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகுமே. அந்த இடைவெளிக்காகத்தான் ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றித் தயார் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினையும் போடுகிறார்கள். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும் இந்த ஓட்டப்பந்தயத்தில் நமக்குக் கிடைக்கிற முன்னிலைதான். குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இந்த ஊசிக்காகவே வந்தது, தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் கால ஊசியை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். இப்போது கையில் சில ஊசிதான், தேதி தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி நிஜமாகவே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை எச்.ஐ.வி. காட்டியது. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அந்த வைரஸ் மற்ற எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிற சிடி4 என்கிற டி செல்லையே குறிவைக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டியது 200-க்குக் கீழே போனால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சைகள்கூட உயிரை எடுத்துவிடும்.

மாதம் ஒரு சளி வந்து, ஒரு வாரத்தில் தானாகச் சரியாகி, இடைப்பட்ட நாளில் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. மிளகு ரசம் கொடுங்கள், தொண்டைக்கு இதம், நானும் குடிக்கிறேன், ஆனால் 160 வைரஸின் முகத்தை அது சொல்லிக்கொடுக்காது. முட்டை, பருப்பு, காய், ராத்திரி பத்து மணி நேரத் தூக்கம், இவை இல்லாமல் செல்கள் பெருகாது, அதனால் செலவை அங்கே செய்யுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, வாயில் போகாத வெள்ளைப் படலம், எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை டாக்டரிடம் சொல்லி இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், இன்றைக்குத் தடுப்பூசி அட்டையை மட்டும் எடுத்து ஒன்பதாம் மாத எம்.ஆரும் ஒன்றரை வயதை ஒட்டிய இரண்டாவது எம்.ஆரும் போட்ட தேதி இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தாலும் ஐந்து வயதுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், உங்கள் பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.